முப்பத்தேழாவது கால்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஊரில் இருக்கும் கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் ஒரு மாதம் பூட்டு. அதில் ஒன்றின் சாவி இன்று சாயங்காலம் என் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவன் நவநீதன். முப்பத்தைந்து வயது. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நாடகம் போடுகிறான். அதாவது, பெண் கிடைப்பது கஷ்டம்.

"ஆடி முடியற வரைக்கும் மண்டபம் நம்முளுதுங்க்கா. சும்மா பூட்டிக் கெடக்கறதுக்கு நீங்களாச்சும் லைட்டுப் போடுங்கன்னு ஓனர் குடுத்துட்டாருங்க. ஆடிக் கடைசி சனிக்கிழமை, ஆகஸ்ட்டு பதினாறு, நாடகம். ஆவணி பொறந்தா முகூர்த்தக்காரங்க வந்துருவாங்க."

நாடகம் என்றால் 'வட்டப்பனின் செருப்பு'. 1999இல் இதே கோயம்புத்தூரில் முத்துரத்தினம் சார் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து எடுத்த கார்ட்டூன் படம். வட்டப்பன் ஒரு மரவட்டை. அறுபது கால், அறுபது செருப்பு. சிநேகிதி நத்தையின் கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் வழியில் மழையில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, அது கிடைக்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். அவ்வளவுதான் கதை. பொங்கல் லீவுக்குப் பொங்கல் லீவு டிவியில் போட்டுப் போட்டு, இன்றைக்கு முப்பது வயதைத் தாண்டிய பாதிப் பேருக்கு அது மனப்பாடம். நவநீதன் அதில் ஒருவன். அதை இசை நாடகமாக்க ஒன்றரை வருடமாக என் பின்னால் சுற்றினான்.

படத்துக்கு வசனம் நான். நத்தைக்குக் குரலும் நான், வேறு ஆள் வைக்க வழியில்லாததால். வட்டப்பனின் குரலும் பாட்டும் மெட்டும் கோகிலவாணி. அவளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல், பாட்டின் உரிமையை அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முத்துரத்தினம் சார் கண்ணை மூடினார்.

"எல்லாம் ரெடிங்க்கா. எண்ணிக்கைப் பாட்டுக்கு மட்டும் கோகிலவாணி டீச்சர் சம்மதம் வேணும். நாலு தடவ போனேன். காப்பி குடுக்கறாங்க, பதில் குடுக்க மாட்டீங்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் அந்தக் காலத்துல ஒட்டுக்காத்தான் இருப்பீங்கன்னு சொன்னாங்களே?"

ஒட்டுக்காத்தான் இருந்தோம். பேசிப் பதினாறு வருடம் ஆகிறது.

காரணம் ஒரு பிரஷர் குக்கர். அவளிடம் வாங்கினேன், திருப்பிக் கொடுக்கவில்லை. பெண்கள் சண்டைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜூலை 18, வெள்ளி

அடை மாவு புளித்துவிட்டது. மரவட்டை உடம்பை எதில் செய்வது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பம்ப்செட் கடை வைத்திருக்கும் மனுசன் எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "ஓஸ் பைப்பு."

ஜூலை 20, ஞாயிறு

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை. கை கழுவும் இடத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய வெற்றிலைக் கறை அப்படியே இருக்கிறது.

வட்டப்பனாக நடிப்பவள் தீக்‌ஷா. இருபத்து நான்கு வயது, வெங்கலக் குரல். பாட்டெல்லாம் பிரமாதம். ஆனால் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சிரிப்பைப் பற்றி எழுதிவிடுகிறேன். கார்ட்டூன் படத்தில் குரலை முதலில் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பிறகுதான் படம் வரைவார்கள். பேசுகிறவர் மூச்சு வாங்கினால் பொம்மையும் மூச்சு வாங்கும். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும் என்பதால் எண்ணிக்கைப் பாட்டுக்கு ஒரே ஒரு டேக். இருந்தது ஒரே மைக். நானும் கோகியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றோம். வட்டப்பன் தன் கால்களை எண்ணுகிறான். முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று ஒழுங்காகப் போனவள், முப்பத்தேழு என்றதும் குபீரென்று சிரித்துவிட்டாள். மறு டேக்குக்குள் கரண்ட் போயிற்று. "இருக்கட்டும் விடு, மரவட்டைக்குக் கிச்சுகிச்சு" என்று முத்துரத்தினம் சார் அப்படியே வரைந்துவிட்டார். வட்டப்பன் முப்பத்தேழாவது காலைத் தூக்கிப் பார்த்து, காரணமே இல்லாமல் உருண்டு உருண்டு சிரிப்பான். அந்த நான்கு விநாடிக்காகத்தான் ஜனங்கள் படத்தையே பார்த்தார்கள்.

தீக்‌ஷா சிரித்தால் பல் டாக்டரிடம் வாயைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

"டீச்சர் எதுக்குங்க்கா அன்னிக்குச் சிரிச்சாங்க? தெரிஞ்சா எனக்கும் வரும்."

பேட்டிகளில் இருபது தடவை சொன்னதையே சொன்னேன். "நான் அவ காதுல ஒரு ஜோக் சொன்னேன். இந்த மரவட்டை வழுக்கி விழுந்தா எந்தக் காலுக்குடி மாவுக்கட்டுப் போடுவாங்கன்னு."

தீக்‌ஷா மரியாதையாகப் புன்னகைத்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

குக்கரைத் துலக்கி எடுத்துக்கொண்டு வடவள்ளி போனேன். கோகி வாசலில் நின்று செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. சாயம் பூசாமல் அழகாக இருக்கும் பெண்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

என்னைப் பார்த்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"குக்கரா?"

"ஆமா."

"கேஸ்கட்டு?"

அவள் கேஸ்கட்டைக் கழற்றி என் குக்கரில் போட்டுக்கொண்டேன். பதினாறு வருடமாக அதுவே இருக்கிறது என்றால் பொய். நாலைந்து தடவை மாற்றியாகிவிட்டது.

"கேட்டைச் சாத்திட்டு வா, மாடு வந்துரும்" என்றாள்.

வாக்கியத்தில் ஒரு 'வா' இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

உள்ளே பாட்டுக் கிளாஸ். பாயில் ஏழெட்டுக் குழந்தைகள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பாட்டு விசயமா வந்தியா?"

"அந்தப் பையன் ஒன்றரை வருசமா..."

"மொத மூணு வரி. தப்பில்லாமப் பாடு. பாடிட்டா எடுத்துக்கோ."

"எனக்குப் பாட வராதுன்னு உனக்குத் தெரியும், கோகி."

"தெரியும்" என்றாள். "கிளாசு செவ்வாயும் வெள்ளியும். ஆறு மணி. பாய் நீயே கொண்டாந்துரு."

குக்கர் மட்டும் காரணமில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். ஒரு கதையும் எழுதினேன். தீபாவளி மலருக்கு. பெயரெல்லாம் மாற்றித்தான் எழுதினேன்.

ஜூலை 25, வெள்ளி

பாயில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினைந்து வயது.

பாட்டின் முதல் மூன்று வரி:

ஒண்ணு ரெண்டு மூணு, கல்யாணம் போகோணும்
நாலு அஞ்சு ஆறு, நாலு பேரு பாக்கோணும்
ஏழு எட்டு ஒம்பது, ஏறிப் போற மேடு

'மேடு' என்னும் இடத்தில் குரல் மேலே ஏற வேண்டும். என் குரல் பள்ளத்தில் இறங்குகிறது. "தப்பு. மறுபடியும்" என்கிறாள் கோகி. மறுபடியும் பாடினால் மறுபடியும் தப்பு. பதினொரு முறை. பக்கத்தில் இருந்த யாழினி என்னும் ஏழு வயதுக் குட்டி, பன்னிரண்டாவது முறை கோகியை முந்திக்கொண்டு "தப்பு!" என்றது. பிற்காலத்தில் பெரிய விமர்சகராக வரும்.

ஜூலை 27, ஞாயிறு

மரவட்டைக்கு உடம்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் கறுப்பு ஓஸ் பைப்பை வளையம் வளையமாக வளைத்து, மேலே குடைத்துணி போட்டுக் கொடுத்திருக்கிறார். உள்ளே பத்துப் பேர். இருபது கால் நிஜம், நாற்பது கால் பஞ்சு அடைத்த சாக்ஸ். ஆனால் அறுபது செருப்புக்கு எங்கே போவது?

மண்டபத்து வாட்ச்மேன் ஆறுச்சாமி ஒரு சாக்கை இழுத்துவந்து கவிழ்த்தார். பல வருடக் கல்யாணங்களில் ஜனங்கள் விட்டுப் போன செருப்புகள். பட்டுச்சேலைக்குப் போடும் ஜிகினாச் செருப்பு, ரப்பர் செருப்பு, குழந்தை ஷூ. நூறுக்கு மேல் இருந்தன.

"எல்லாமே ஒத்தையா இருக்குதேங்க?" என்றேன்.

"சோடியா இருந்தா நான் போட்டுட்டுப் போயிருக்க மாட்டனாம்மா?"

வாழ்க்கையில் நான் கேட்ட நேர்மையான பதில்களில் இதற்கு முதலிடம். என்னால் இப்படியெல்லாம் பதில் சொல்ல முடிந்திருந்தால் பாயில் உட்கார்ந்து தொண்டை கிழிய வேண்டியிருக்காது.

ஜூலை 29, செவ்வாய்

தப்பு. மறுபடியும். தப்பு. மறுபடியும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிளாஸ் முடிந்து குழந்தைகள் போனபின் கோகி கேட்டாள். "இப்பவும் எழுதறயா?"

"வாரம் ஒண்ணு."

"யாரை?"

எதை என்று கேட்கவில்லை. யாரை என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். நான்கையும் கட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனால், மரவட்டை கிழிந்திருக்கிறது. முன்னால் போகிறவள் பாட்டின் தாளத்துக்குத் திரும்ப, பின்னால் வருகிறவனுக்கு அது நாலு அடி தாமதமாகத் தெரிய, நடுவில் இருந்தவன் தூணைக் கட்டிப்பிடித்துவிட்டான். நவநீதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். "காத்துப் புடிச்ச பைப்பு மாதிரி. முன்னால தண்ணி போகுது, பின்னால வரல."

"அதுக்கு என்ன பண்றதுங்க?"

"கடைசீல இருக்கறவனப் பாடச் சொல்லு."

பாடச் சொன்னோம். பின்னாலிருந்து தாளம் வந்ததும் மரவட்டை நடந்தது. மனுசனைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருடமாகிறது. அவரைப் பற்றி நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகள் நூற்றுச் சொச்சம். இவர் ஒன்றையும் படித்ததில்லை. அதனால்தான் கூடவே இருக்கிறார் என்று தோன்றுகிறது.

சாப்பிடும்போது நவநீதன் என்னைத் தனியாக அழைத்தான். "அக்கா, பன்னண்டாந்தேதிக்குள்ள பாட்டுக் கெடைக்கலீன்னா நிறுத்திருவனுங்க. பாட்டில்லாம வட்டப்பனப் போட்டா ஜனங்க மன்னிக்க மாட்டாங்க. நானே மன்னிக்க மாட்டேன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிளாசில் பதினேழு தப்பு. எண்ணிக்கை யாழினியுடையது.

சரி, எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பிடமே மறைத்தால் வேறு யாரிடம் சொல்வது?

பதினாறு வருடத்துக்கு முன்னால் கோகிக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, அதில் வருத்தமும் இல்லை. அவளிடம் பாட்டுப் படிக்க ஒருவர் வந்தார். சென்னியப்பன். கடைவீதியில் மருந்துக்கடை. மனைவி இறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஒரே ஒரு முருகன் பாட்டை ஒன்றரை வருடம் படித்தார். மூன்றாவது வரியில் ஓரிடத்தில் மேலே ஏற வேண்டும். அவர் ஏற மாட்டார்.

ஒருநாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது கோகி என்னிடம் சொன்னாள். "அவரு தப்பாப் பாடறாரு அம்சா. நான் திருத்தறதில்லை. திருத்துனா பாடம் முடிஞ்சுரும். முடிஞ்சா வர மாட்டாரு." சொல்லிவிட்டு மொச்சைத் தோலால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தீபாவளி மலருக்கு இரண்டு நாளில் கதை வேண்டும் என்று ஆசிரியர் நச்சரித்தார். எழுதினேன். தலைப்பு 'சுருதி மருந்தகம்'. கோகிலவாணியை மைனாவதி ஆக்கினேன். சென்னியப்பனை மாத்திரையப்பன் ஆக்கினேன். கோயம்புத்தூரில் பாட்டுப் படிக்கும் மருந்துக்கடைக்காரர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது.

வாசகர் கடிதம் அறுபத்திரண்டு வந்தது. 'வயிறு வலிக்கச் சிரித்தோம்' என்று. அந்த மலர் அவர் கடை வாசலிலேயே கிளிப் போட்டுத் தொங்கியதாம். தீபாவளி கழிந்து பாட்டுப் படிப்பை நிறுத்திவிட்டார். தையில் கடையை விற்றுவிட்டு மகனோடு உடுமலைப்பேட்டை போய்விட்டார். கோகி என்னைத் திட்டவில்லை. கேட்டைச் சாத்தினாள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் அவள் குக்கர் என்னிடம் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே குக்கர் வந்துவிட்டது. படித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. கிழித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்னும் நான்கு கிழித்தேன். ஒன்று மிக நன்றாக வந்திருந்தது. பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என்னைப் போன்றவர்களை ஜெயிலில் போட வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஐந்து தப்பு. யாழினிக்கு ஏமாற்றம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நவநீதன் கொடுத்த கெடு இன்றைக்கு. பையில் ஏழாவது கடிதம் இருந்தது. எல்லாக் குழந்தைகளும் போகும்வரை காத்திருந்து நீட்டினேன்.

கோகி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டே வரிதான்: 'உன் ரகசியத்தை எடுத்துச் சிரிப்பாக்கினேன். தெரிந்துதான் செய்தேன்.'

"இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

"இல்லை."

"அப்ப நீதான் எழுதுனியா?"

தலையாட்டினேன்.

கடிதத்தை மடித்து, மடித்ததையே மறுபடி மடித்தாள். பிறகு, எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

"தீபாவளி முடிஞ்சு மொதச் செவ்வாய்க்கெழம வந்தாரு. உக்காந்தாரு. அந்தப் பாட்டை எடுத்தாரு. மூணாவது வரி, கண்ணாடியாட்டம். ஒரு பிசகில்ல. தட்டுல வெத்தலை, பழம், தேங்காய் வெச்சுக் கும்புட்டுட்டு எந்துருச்சுப் போய்ட்டாரு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒரே வாரத்துல எப்படிக் கத்துக்கிட்டாரு?"

"அம்சா" என்றாள் கோகி. பாயைப் பார்த்தபடி சொன்னாள். "அவருக்கு மொத மாசமே வந்துருச்சுடி."

சுருதிப் பெட்டி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடம் ஒருவர் வேண்டுமென்றே தப்பாகப் பாடியிருக்கிறார். ஒருத்தி வேண்டுமென்றே திருத்தாமல் இருந்திருக்கிறாள். நடுவில் நான் புகுந்து, ஊருக்கே உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

"பாடு" என்றாள் கோகி.

பாடினேன். ஒண்ணு ரெண்டு மூணு. நாலு அஞ்சு ஆறு. ஏழு எட்டு ஒம்பது. மேட்டில் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை; ஏறிவிட்டேன்.

"சரி. எடுத்துக்கோ" என்றாள்.

பாட்டுக் கிடைத்துவிட்டது. நவநீதனுக்குப் போன் செய்தேன். அவன் அழுதான். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் அப்படியே குடித்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

கோகி ஒத்திகைக்கு வந்தாள்! கல்யாணப் பெண்ணை அழைக்கிற மாதிரி நவநீதன் ஓடி ஓடி நாற்காலி போட்டான். தீக்‌ஷா பாடினாள். முப்பத்தேழு வந்ததும் பல் டாக்டர்.

"சிரிப்பு வர மாட்டீங்குதுங்க டீச்சர். அம்சாக்கா சொன்ன ஜோக்கையே நெனச்சுக்கறேன், அப்பவும் வரல."

"என்ன ஜோக்கு?"

தீக்‌ஷா சொன்னாள். மாவுக்கட்டு ஜோக்கை. நான் சாக்ஸ் கால்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன்.

"இதுக்கு ஆடுகூடச் சிரிக்காது" என்றாள் கோகி. "நான் சொல்றேன் கேளு. அன்னிக்கு இவ சஷ்டி விரதம். காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. ஒரே மைக்கு. இவ வயிறு என் கைமுட்டிகிட்ட. நான் முப்பத்தேழுன்னு சொல்றேன், இவ வயித்துக்குள்ளருந்து ஒரு சத்தம். அதும் சும்மா சத்தமில்ல, கண்ணு. பழைய வீட்டுக் கதவைத் தொறக்கற மாதிரி, கேள்வி கேட்டு நிறுத்துச்சு. நான் முப்பத்தேழுன்னேன், அது 'ஏஏன்?'னுச்சு."

செய்து காட்டினாள். நாற்பது வருடம் பாடிய தொண்டை. என் வயிற்றை அதன் சுருதி பிசகாமல் பாடியது. மரவட்டைக்குள் இருந்த பத்துப் பேரும் உள்ளேயே விழுந்தார்கள். தீக்‌ஷா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அசல் சிரிப்பு, வட்டப்பன் சிரிப்பு. ஆறுச்சாமி சிரித்தார். என் வீட்டுக்காரர், என் வாழ்நாள் நகைச்சுவையில் ஒன்றுக்குமே வாய் திறக்காதவர், தூணில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். காது சுட்டது. ஓடிப்போய்ச் சமையற்கட்டில் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. ஓ, இப்படித்தான் இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது கோகி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி மாதத்தில் இந்த ஊர் மண்டபத்தில் நடந்த ஒரே கல்யாணம் நத்தையுடையது. எண்ணூறு நாற்காலி, நிறைந்துவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பா அம்மாக்கள்தான் பிள்ளைகளைவிட ஆடினார்கள். மரவட்டையின் பின்பாதி ஒருமுறை தூணில் சிக்கியது. கடைசியில் இருந்தவன் விடாமல் பாடிக் காப்பாற்றினான்.

நானும் கோகியும் நான்காவது வரிசையில் இருந்தோம். எண்ணிக்கைப் பாட்டு வந்தது. தீக்‌ஷா எண்ண எண்ண, மண்டபம் அடங்கிக்கொண்டே வந்தது. முப்பத்து நாலு. முப்பத்தஞ்சு. முப்பத்தாறு.

அவள் காலைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள்.

முப்பத்தேழை அவள் சொல்லவில்லை. மண்டபம் சொன்னது. சொல்லிவிட்டு மண்டபமே சிரித்தது. எண்ணூறு பேர், ஆளுக்கொரு பொங்கல் லீவை வைத்துக்கொண்டு, சரியாக அந்த நான்கு விநாடியை அதே மாதிரி, அதே ஏற்ற இறக்கத்தில் சிரித்தார்கள். தீக்‌ஷா அதைக் கேட்டுச் சிரித்தாள். மேடையில் பத்துப் பேரும் சிரிக்க, ஓஸ் பைப்பு வளையமெல்லாம் குலுங்கியது.

அது கோகியின் சிரிப்பு. இருபத்தாறு வருடமாக ஊரே அதை வீட்டில் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவளுக்கே தெரியாது.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. என் கைமேல் ஒரு கை வந்து அமர்ந்தது.

"உன் வயித்தவிடச் சத்தம் சாஸ்திதான்" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முகூர்த்தக்காரர்கள் காலையிலேயே வாழைமரம் கட்டிவிட்டார்கள். அறுபது செருப்பும் சாக்குக்குத் திரும்பின. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்பது. "அந்த ஒண்ணுக்குச் சோடி கெடச்சிருச்சுங்க" என்றார் ஆறுச்சாமி. குனிந்து அவர் காலைப் பார்த்தேன். புதுச் சோடியில்தான் நடந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாட்டு வாங்கியாகிவிட்டது, நாடகமும் முடிந்தது. இனி வடவள்ளிக்குப் போக ஒரு காரணமும் இல்லை. வீட்டில் பாய் சும்மா சுருண்டு கிடந்தது, எடுத்துக்கொண்டு போனேன். கேஸ்கட் வாங்க நினைத்துக் கடைவரை போனேன். எந்த அளவு என்று தெரியாததால் வாங்கவில்லை.

கோகி ஒன்றும் கேட்கவில்லை. நான் யாழினி பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் பாடினேன். ஒண்ணு ரெண்டு மூணு. நாலு அஞ்சு ஆறு. ஏழு எட்டு ஒம்பது, ஏறிப் போற மேடு என்னும் இடத்தில் குரல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. போன வாரம் ஏறியதுதான். வயதாகிறது, என்ன செய்ய?

சுருதிப் பெட்டி முனகியது. கோகி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே செம்பருத்தியைப் பார்த்தேன்.

"அடுத்தது யாரு?" என்றாள்.

யாழினி துள்ளி எழுந்துவிட்டது. "டீச்சர்! டீச்சர்! இவங்க தப்பாப் பாடுனாங்க! மேடு கீழ போயிருச்சு!"

"அப்படியா?" என்றாள் கோகி. "எனக்குக் கேக்கலையே."